ஓர் ஊரை இரண்டாக்கிய ஓடை

ஒரு தாவு தாவினால் தாண்டிவிடலாம். அவ்வளவு சிறிய ஓடை! ஆனால், அதை நேராகத் தாண்டுவதற்கு ஓர் ஊர் மக்கள் 37 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அந்த ஊரின் பெயர் மோட்லராய்ட். ஜெர்மனி நாட்டில், ஹோப் நகருக்கு வடமேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மொத்த ஜனத்தொகையே சுமார் 50 பேர்தான். ஊர் நடுவே ஓடும் ஓடைக்கு டான்பாக் என்று பெயர்.

எல்லைக் கல்

1810-ம் ஆண்டில் ஓடை ஓரமாக எல்லைக் கற்கள் நட்டார்கள். ஒரு கரை பவேரியா ராஜ்யத்துக்குச் சொந்தம். மறு கரை ராய்ஸ் என்ற சிற்றரசுக்குச் சொந்தம். அந்தச் சிற்றரசு பிற்காலத்தில் துரிங்கியா மாநிலத்தில் சேர்ந்தது.

கல் நட்டதோடு சரி. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பள்ளிக்கூடம் துரிங்கியா பக்கம் இருந்தது. தேவாலயத்துக்குப் பவேரியாவில் உள்ள டோப்பன் என்ற ஊருக்குப் போனார்கள். இரு கரையிலும் சொந்தபந்தங்கள் வாழ்ந்தனர்.

வேலி வந்தது

1945-ல் இரண்டாம் உலகப்போர் முடிந்தது. ஜெயித்த நாடுகள் ஜெர்மனியைப் பங்கு போட்டன. பவேரியா அமெரிக்கா வசம் ஆயிற்று. துரிங்கியா ரஷியா வசம் ஆயிற்று. 1949-ல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று இரண்டு நாடுகள் பிறந்தன. பழைய எல்லைக் கல்லுக்கு உயிர் வந்துவிட்டது!

1952-ல் கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் எல்லையை அடைத்தது. ஊருக்குள் பலகை வேலி முளைத்தது. சில குடும்பங்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டன. 1966-ல் கான்கிரீட் சுவரே எழும்பியது. நீளம் 700 மீட்டர். உயரம் 3 மீட்டருக்கும் மேல். "குட்டி பெர்லின்" என்று அமெரிக்கர்கள் இந்த ஊருக்குப் பெயர் வைத்தார்கள்.

கை அசைக்கவும் தடை

எதிர்க்கரையில் நிற்பவர் அண்ணனாக இருக்கலாம், மாமனாக இருக்கலாம். ஆனால், கிழக்குக் கரையில் இருப்பவர் அவரைப் பார்த்துக் கை அசைக்கக்கூடாது. காவல் கோபுரத்தில் சிப்பாய்கள் கண்காணித்தபடி இருந்தார்கள். கிழக்குப் பகுதிக்கு வெளியூர் உறவினர் வரவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும்.

1983-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் வந்து பார்த்தார். "நானும் ஒரு மோட்லராய்ட்காரன்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். சுவர் அசையவில்லை.

வழி பிறந்தது

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. மோட்லராய்ட் மக்கள் மேலும் ஒரு மாதம் பொறுத்திருந்தார்கள். டிசம்பர் 9-ந் தேதி நடந்து போக ஒரு வழி திறக்கப்பட்டது. 1990 ஜூன் 17-ந் தேதி எந்திரம் கொண்டு சுவரை இடித்தார்கள். ஒரு பகுதியை மட்டும் பொருட்காட்சிசாலைக்காக விட்டுவைத்தார்கள்.

இன்றும் இந்தச் சிற்றூர் இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு மேயர்கள். இரண்டு தபால் எண்கள். வணக்கம் சொல்வதில்கூடக் கரைக்குக் கரை வித்தியாசம் உண்டு.

எல்லை அப்படியே இருக்கிறது. தடுப்பதற்குத்தான் யாரும் இல்லை!