ஹெப்பாரினை முறிக்கும் ஊசி: வால்வு சிகிச்சைக்கு முன் சொல்ல வேண்டியவை

தொடைத் தமனி வழியே புதிய இதய வால்வு பொருத்தப்பட்டவரின் சிகிச்சைக் குறிப்பைப் படிக்கும் உறவினர் பலருக்கு ஓர் ஐயம் எழுகிறது. தொடக்கத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின். முடிவில் அதையே முறிக்கப் புரோட்டமின். கொடுப்பானேன், முறிப்பானேன்?

மார்பைத் திறக்காமல் பெருந்தமனி வால்வை மாற்றும் இம்முறையை, 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். கம்பியும் குழாயும் சுருக்கிய வால்வும் இரத்தக் குழாய்க்குள் இருக்கும் நேரம் முழுதும் அவற்றின்மேல் இரத்தம் உறையக்கூடும். அவ்வுறைகட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். ஆகவே ஹெப்பாரின் செலுத்தி, உறையும் நேரத்தை வழக்கமாக 250 வினாடிக்கு மேல் நிறுத்துகின்றனர். ‘இரத்தத்தை இளக்கும் மருந்து’ என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் இரத்தம் நீர்த்துப் போவதில்லை, உறைவதுதான் தாமதமாகிறது.

வால்வு பொருந்தியதும் கவலை இதயத்திலிருந்து தொடைக்கு இடம் மாறுகிறது. ஆஞ்சியோகிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குழாய் போதும். வால்வுக்கோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம் வேண்டும். அத்துளையைத் தையலிட்டு மூடுகின்றனர். முதியோரின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் தையல் எளிதில் இறுகாது. ஹெப்பாரின் தானாகக் குறைய ஓரிரு மணி நேரம் ஆகும். புரோட்டமின் சில நிமிடங்களில் அதைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும். சால்மன் மீனின் விந்துவிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புரதம் இது. 100 அலகு ஹெப்பாரினுக்கு 1 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு.

ஆஸ்திரேலியாவில் 410 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், புரோட்டமின் பெற்றோருள் நூற்றுக்குச் சுமார் 98 பேருக்குத் தொடையில் இரத்தக்கசிவு உரியபடி நின்றது; பெறாதோரில் அது சுமார் 92. நல்ல பயன்தான். எனினும் அரிய பக்கவிளைவுகளை அளந்தறிய 410 பேர் போதுமான எண்ணிக்கை அன்று.

பக்கவிளைவு உண்டு. வேகமாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரியும்; ஒரு சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படும். அதனால் மெதுவாகவே ஏற்றுகின்றனர். யாருக்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பதை முன்கூட்டி அறிய, குடும்பத்தினர் தரும் தகவலே பெரிதும் உதவும்.

முதலாவது இன்சுலின். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்கிப் போட்டுக்கொள்ளும், பால்போல் கலங்கலான இன்சுலின் வகைகளில் புரோட்டமின் கலந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் அதைப் போட்டவரின் உடல் இப்புரதத்தை ஏற்கெனவே அறிந்திருக்கும். ‘சர்க்கரைக்கு ஊசி’ என்று மட்டும் சொல்லாமல், மருந்துக் குப்பியையே கொண்டுவந்து காட்டுங்கள். மீன் உண்டால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருபவரும், முன்பு இதய அறுவைச் சிகிச்சையில் புரோட்டமின் பெற்றவரும் அதைச் சொல்ல வேண்டும். ஆண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டிருந்தால் அதுவும் முக்கியம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்தது பிள்ளைகளுக்கே தெரியாதிருக்கும். பெரியவரும் கூச்சத்தால் மறைப்பார். தனியே மருத்துவரிடம் சொன்னால் போதும். இவற்றில் ஒன்று இருப்பதாலேயே சிகிச்சை நின்றுவிடாது. மருத்துவர் ஊசியைத் தவிர்க்கலாம். அல்லது கூடுதல் ஆயத்தத்துடன் மெல்லச் செலுத்தலாம்.

புரோட்டமின் முறிப்பது ஹெப்பாரினை மட்டுமே. வீட்டில் உட்கொள்ளும் ஆஸ்பிரின், வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளின் செயலை அது நீக்காது. அவற்றுள் எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

ஊசி போட்டாயிற்றே என்று காலை உடனே மடக்கவும் கூடாது. செவிலியர் சொல்லும் வரை நேராக நீட்டி வைத்திருக்க வேண்டும். கட்டின் அடியில் வெதுவெதுப்பான ஈரம், தொடையில் புதிய வீக்கம், விலாப்புறத்திலோ இடுப்பிலோ வலி, தலைச்சுற்றல், வியர்வை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவானாலும் தயங்காமல் அழைப்பு மணியை அழுத்துங்கள்.