பிள்ளைத்தாய்ச்சியின் மூட்டையில் முதலில் வைக்கவேண்டியது

2009ஆம் ஆண்டு. வவுனியாவுக்கு அருகே ஒரு முகாம். தறப்பாள் கொட்டிலொன்றின் வாசலில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் கால்களை நீட்டியபடி அமர்ந்திருந்தார். முகமும் கைகளும் வீங்கியிருந்தன.

"இரண்டு நாளாய்த் தலையிடி, பாதர். கண்ணும் மங்கலாய்க் கிடக்காம். நடந்து வந்த களை எண்டு நினைச்சம்" என்றார் மாமியார்.

"கிளினிக் காட் எங்கே, அம்மா?"

"அது பங்கருக்குள்ளேயே விடுபட்டுப் போச்சு."

காணி உறுதி பத்திரமாக இருந்தது. அடையாள அட்டையும் இருந்தது. அந்தக் காட் மட்டும் இல்லை.

குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து வந்தோம். குருதி அழுத்தம் 160/110. சலத்தில் புரதம் இருந்தது. அது களையல்ல, தாயை வலிப்பில் தள்ளி, இரண்டு உயிர்களையும் பறிக்கக்கூடிய நோய். அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். பிள்ளை குறைமாதத்தில் பிறந்தாலும், இருவரும் தப்பினர்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கர்ப்பகாலத்தின் பெரிய ஆபத்துகள் பல, தொடக்கத்தில் வெளியே தெரிவதில்லை. வயல் வரம்பில் நண்டு துளைத்த ஓட்டையைப் போன்றவை அவை. நடந்து பார்ப்பவன் கண்டு அடைப்பான். பாராதவன் வரம்பு உடைத்த பிறகே அறிவான்.

எதை ஏன் பார்க்கிறார்கள்?

குருதி அழுத்தம்: 140/90 அல்லது அதற்கு மேலிருந்தால் கவனம் தேவை. முதலில் எந்த வருத்தமும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு கிளினிக்கிலும் அளக்கிறார்கள்.

சலம்: புரதம், சீனி, கிருமித்தொற்று ஆகியவற்றைக் காட்டும். முகாமில் மலசலகூடம் தூரம் என்று தண்ணீர் குடிக்காமலும், சலத்தை அடக்கிக்கொண்டும் இருக்கும் தாய்மார் பலர். இதனால் கிருமித்தொற்று இலகுவில் வரும். அது சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைமாதப் பிரசவமும் நேரலாம்.

குருதி: ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. அத்தகைய தாய் பிரசவத்தின்போது ஏற்படும் குருதிப்போக்கைத் தாங்கமாட்டார். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்கினால் பயன் குறையும். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. பூச்சி மாத்திரையை முதல் மூன்று மாதம் கழிந்தபின் கிளினிக்கில் தருவார்கள். குருதி வகை, சீனியின் அளவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். தாயின் குருதி வகை 'நெகட்டிவ்' எனில் அடுத்த பிள்ளையைக் காக்கவும் ஓர் ஊசி உண்டு.

சிபிலிஸ், எச்.ஐ.வி.: இவற்றுக்கான பரிசோதனை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவரின் ஒழுக்கத்தை விசாரிப்பதற்காக இது செய்யப்படுவதில்லை. எல்லாத் தாய்மாருக்கும் ஒரேவிதமாகச் செய்யப்படுகிறது. சிபிலிசைக் கவனியாது விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம். பெனிசிலின் ஊசியால் அதைக் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி. இருந்தாலும் உரிய மருந்தால் பிள்ளையைக் காக்கலாம். இவ்விரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றளித்தது. ஊர் ஊராகத் தாய்மார் குருதி கொடுத்ததால் கிடைத்த பலன் அது. மனைவிக்குத் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் கணவனும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். அவளை மட்டும் குற்றவாளியாக்குவது அநீதி.

ஏற்புவலித் தடுப்பூசி: முன்பு எத்தனை ஊசி போட்டீர்கள் என்பதைப் பொறுத்தே இப்போது தேவையா என்று தீர்மானிப்பார்கள். காட் இல்லையேல் அதை யார் சொல்வது?

பொறுத்திருக்கக் கூடாதவை

கடும் தலையிடி, பார்வை மங்கல், முகமும் கைகளும் வீங்குதல், மேல்வயிற்று நோ, குருதி அல்லது நீர் படுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், வலிப்பு: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும்.

காய்ச்சலும் அப்படியே. டெங்குவாகவும் இருக்கலாம். சேற்று வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். பரசிற்றமோல் தவிர வேறு நோ மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கவேண்டாம்.

குடும்பத்தார் செய்யவேண்டியது

நாள் தள்ளிப்போனதும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். இடம் மாறினால், புதிய இடத்து உத்தியோகத்தரிடம் முதல் வாரத்திலேயே காட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட் தொலைந்தால் வெட்கப்பட்டு வீட்டில் நிற்கவேண்டாம். புதிதாய் எழுதித் தருவார்கள். அரிவி வெட்டு நாளானாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். கணவன்மாரே, ஒரு நாள் கூலி போனால் மறுநாள் உழைக்கலாம்.

சில காலத்துக்கு முன் அந்தத் தாயை அவருடைய சொந்தக் காணியில் சந்தித்தேன். மகன் தாயின் உயரத்தைத் தாண்டிவிட்டான். வீட்டுச் சுவரில் ஒரு பை தொங்கியது. உள்ளே காணி உறுதி, அடையாள அட்டை. அவற்றுக்கு மேலே, பொலித்தீனில் சுற்றிய மருமகளின் கிளினிக் காட்.

"இனி ஓடவேண்டி வராது, பாதர்" என்றார் சிரித்தபடி. "வந்தாலும், முதல்ல எடுக்கிறது இதைத்தான்."