வெட்டு, பொறுக்கு, மாட்டு

தீபாவளி அங்பாவ் காசு சேர்ந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேம்களில் ஒன்றாவது இப்படி இருக்கும்: அட்டையில் கொம்பு வைத்த பூதம், எதிரே வாளோடு ஒரு வீரன், பின்னால் நெருப்பு. சுங்கை பாக்காப்பில் வீட்டு முன்னறையில் பிளேஸ்டேஷனோ சுவிட்சோ வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சிதான். “நாள் முழுக்க வெட்டிக்கிட்டே இருக்கானே, இதுல வேற என்னதான் இருக்கு?” என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. வெட்டி முடித்ததும் தரையில் ஒரு பொருள் விழுகிறதே, பிள்ளையை உட்காரவைப்பது அதுதான்.

இந்த வகையில் இரண்டு விளையாட்டுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று கைவேகம்: கூட்டமாக வரும் பூதங்களை வாளாலோ மந்திரத்தாலோ சாய்த்துக்கொண்டே போவது. மற்றொன்று வளர்ச்சிக் கணக்கு: நீங்கள் ஆடும் பாத்திரத்துக்குப் பலம், உயிர், கவசம் என்று எண்கள் உண்டு, கொல்லக் கொல்ல அனுபவப் புள்ளி சேரும், நிலை உயரும், புதிய வித்தை திறக்கும். முன்னதை ஹேக் அண்ட் ஸ்லாஷ் என்றும் பின்னதை ரோல் பிளேயிங் என்றும் சொல்வார்கள்.

இரண்டையும் இன்று நாம் பார்க்கும் வடிவில் சேர்த்துவைத்த பெருமை ‘டயாப்லோ’வுக்கு உரியது. கலிபோர்னியாவில் காண்டோர் என்ற சிறு நிறுவனத்தில் டேவிட் பிரெவிக் அதை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அது சதுரங்கம் மாதிரி முறைவைத்து ஆடும் ஆட்டம்: நான் ஓர் அடி, பூதம் ஓர் அடி. பதிப்பாளரான பிளிசார்ட், நிற்காமல் ஓடும் ஆட்டமாக மாற்றச் சொன்னது. பிரெவிக்குக்கு விருப்பமில்லை. குழுவும் மாற்றத்தின் பக்கம் சாயவே, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் சில மணி நேரம் உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். திரையில் நின்ற ஓர் எலும்புக்கூட்டின் மேல் சொடுக்கினார். வீரன் நடந்துபோய் ஒரே போடு போட்டான், எலும்புகள் சிதறின. இதுதான் ஆட்டம் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டதாக அவரே பிற்பாடு மேடையில் சொல்லியிருக்கிறார். கணினிக்கு 1996 இறுதியில் வந்த அந்த ஆட்டம் 1998இல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது.

இனி அந்தத் தரையில் விழும் பொருள். ‘டயாப்லோ 3’ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பாழறைக்குள் நுழைகிறீர்கள். பத்துப் பதினைந்து எலும்புக்கூடுகள் எழுந்து வருகின்றன. அரை நிமிடத்தில் எல்லாம் சாய்கின்றன. தரையில் ஒரு கையுறை. பெயர் வெள்ளையில் இருந்தால் சாதாரணம், நீலமானால் மந்திரம் ஏறியது, மஞ்சள் அரிது, ஆரஞ்சு என்றால் பையன் நாற்காலியை விட்டு எழுந்தே விடுவான். எடுத்த உடனே திரையில் சிறு அம்புகள் தெரியும்: தாக்கும் பலம் கூடுமா, அடி தாங்கும் திறன் கூடுமா என்று. பச்சை அம்பு மேல்நோக்கி இருந்தால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டியதுதான். மாட்டியதும் அடுத்த அறையின் பூதங்கள் சட்டென்று விழுகின்றன. ஆகவே அதைவிடக் கடினமான அறைக்குப் போகலாம். அங்கே இதைவிட நல்ல கையுறை கிடைக்கலாம். எது விழும் என்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை. உள்ளே ஓடும் நிரல் ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போடுகிறது. கோவில் திருவிழாவின் அதிர்ஷ்டக் குலுக்கல் நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தால் எழுந்து போக யாருக்கு மனம் வரும்? “இன்னும் ஒரே ஒரு அறை” என்று கெஞ்சுவது இதனால்தான்.

இந்தக் குலுக்கல்தான் ஆட்டத்தின் உயிர் என்பதை பிளிசார்டே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2012இல் ‘டயாப்லோ 3’ கணினிக்கு வந்தபோது, ஆட்டத்தில் கிடைக்கும் பொருளை நிஜப் பணத்துக்கு விற்கவும் வாங்கவும் ஓர் ஏலக்கூடம் வைத்தார்கள். நல்ல வாள் வேண்டுமா, காசு கொடு. அப்புறம் பூதத்தை எதற்கு வெட்ட வேண்டும்? ஆட்டத்தின் அடிப்படையையே அது அரித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு 2014 மார்ச்சில் மூடிவிட்டார்கள். 2013இல் வந்த கன்சோல் பதிப்பில் அந்த ஏலக்கூடம் தொடக்கத்திலிருந்தே கிடையாது. என்னைக் கேட்டால் கன்சோல் பதிப்புதான் மேல். சுட்டியைச் சொடுக்குவதற்குப் பதில் பாத்திரத்தை நேரே கையால் நடத்தலாம், அடி விழும் முன் உருண்டு தப்பலாம், எல்லாவற்றுக்கும் மேலாக நான்கு பேர் ஒரே தொலைக்காட்சி முன் சேர்ந்து ஆடலாம். விடுமுறைக்கு பினாங்குத் தீவிலிருந்து வரும் சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து ஒரே சோபாவில் உட்காரவைக்கும் கேம்கள் இப்போது குறைவு.

நம் கதைகளுக்கு நெருக்கமாக ஏதாவது உண்டா என்றால், ‘ராஜி’ உண்டு. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது; 2020 ஆகஸ்டில் முதலில் சுவிட்சுக்கு வந்தது. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகும் கழைக்கூத்துப் பெண்ணின் கதை. துர்க்கை அவளுக்குத் திரிசூலம் கொடுக்கிறாள். கதைப் பகுதிகள் நிழற்பாவைக் கூத்தாக ஓடுகின்றன. ராஜஸ்தான் கோட்டைகளும் பாலித் தீவுப் புராணச் சாயலும் கலந்த உலகம். 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்டப் பார்த்துத் தோற்று, அதன்பின் முடித்த ஆட்டம் இது. அறிமுகப் படைப்புக்கான 2020 கேம் அவார்ட்ஸ் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் இதில் வெட்டு இருக்கிறது, பொறுக்குவதும் மாட்டுவதும் பெரிதாக இல்லை. ஆயுதத்துக்கு மின்னல், நெருப்பு என்று சில மேம்பாடுகள், அவ்வளவே. சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு அது குறை. பெற்றோருக்கு அதுவே நிறை.

மலேசியர்களும் இதில் சும்மா இல்லை. வாளும் மந்திரமும் நிறைந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 15’ (2016) ஆட்டத்தின் முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவர் வான் ஹஸ்மர். தோக்கியோவிலிருந்து திரும்பி மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 2020இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ வந்தது. அதில் வாளுக்குப் பதில் கிதாரும் டிரம் குச்சியும்.

வாங்கும் முன் அட்டையில் வயதுக் குறியைப் பாருங்கள். டயாப்லோவில் ரத்தமும் நரகமும் தாராளம். அமெரிக்கத் தரப்படி அது 17 வயது நிரம்பியவர்களுக்கு. பத்து வயதுப் பையனுக்கு வேண்டாம். இணையம் கட்டாயமா என்றும் கேளுங்கள். 2023இல் வந்த ‘டயாப்லோ 4’ இணைய இணைப்பு இல்லாமல் ஓடவே ஓடாது; ஒரே திரையில் இருவர்தான் ஆட முடியும். கன்சோலில் ‘டயாப்லோ 3’க்கு அந்தத் தொல்லை இல்லை.

சாப்பிடக் கூப்பிடும்போதும் இந்த வித்தியாசம் உதவும். “நடுவுல நிறுத்த முடியாதும்மா” என்று ‘டயாப்லோ 4’ ஆடும் பிள்ளை சொன்னால் உண்மைதான். இணையத்தில் ஓடும் ஆட்டம் அவனுக்காக நிற்காது. ஆட்டத்துக்குள் பாதுகாப்பான ஊருக்குத் திரும்பும் மந்திரக் கதவைத் திறக்கச் சில நொடி கொடுங்கள். இணையம் இல்லாமல் தனியாக ‘டயாப்லோ 3’ ஆடுகிற பிள்ளை அதையே சொன்னால், கதை விடுகிறான்.