மண்டையோட்டுச் சீரமைப்பு: அழகுக்காக மட்டுமல்ல!

சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கும், கடுமையான பக்கவாதத்திற்கு ஆளானவர்களுக்கும் மூளை வீங்கிவிடுவதுண்டு. மண்டை ஓடோ விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே வீக்கம் கூடக்கூட, மூளைக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரும். அவ்வேளையில் மருத்துவர்கள் ஓட்டின் ஒரு பகுதியை அகற்றி, வீங்கிய மூளைக்கு இடமளிக்கிறார்கள். அகற்றிய எலும்பை உறைகுளிரில் வைத்தோ, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தோ பாதுகாக்கிறார்கள்.

நோயாளி உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார். சில மாதங்கள் கழித்து, "எலும்பைத் திரும்பப் பொருத்த வேண்டும்" என்று மருத்துவர் கூறும்போதுதான் குடும்பத்தில் தயக்கம் எழுகிறது. "பிழைத்ததே பெரிது, பள்ளத்தைத் தொப்பி மறைத்துக்கொள்ளும். அழகுக்காக இன்னோர் ஆபரேஷன் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. இச்சிகிச்சை அழகுக்காக மட்டுமன்று என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

இரத்த ஓட்டம் ஏன் குறைகிறது?

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும், உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நிமிடந்தோறும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் இரத்தம் அங்கே பாய வேண்டும்.

வீக்கம் வடிந்த பின்னர், எலும்பில்லாத இடத்தில் தோல் உட்குழிகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தோலின் வழியே மூளையை அமுக்குகிறது. மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் ஓட்டமும் சீர்குலைகிறது. அப்பகுதியில் இரத்த ஓட்டம் குறைகிறது. இதனால் சிலருக்குத் தலைவலி, தலைசுற்றல், மறதி, சோர்வு ஆகியவை தோன்றும், தேறி வந்த கை கால்கள் மீண்டும் வலுவிழக்கும், பேச்சு தடுமாறும். எழுந்து அமர்ந்தால் தொல்லை கூடுவதும், படுத்தால் குறைவதும் இதன் முக்கிய அடையாளம். 1939 ஆம் ஆண்டிலேயே கிராண்ட், நார்கிராஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய தொல்லைகளை எழுதிவைத்தனர். 1977 இல் ஜப்பானிய மருத்துவர்கள், தோல் உட்குழிவதற்கும் நரம்புக் குறைபாடுகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கினர்.

எலும்பையோ, அது பயன்படாத நிலையில் டைட்டானியத் தகட்டையோ பொருத்தியதும் அந்த அழுத்தம் நீங்குகிறது. இரத்த ஓட்டம் கூடுவதை ஸ்கேன் சோதனைகள் காட்டியுள்ளன. சிலருக்கு மூளையின் மறுபக்கத்திலும் அது கூடியிருக்கிறது. முடங்கிக் கிடந்த சிலர் சில நாட்களிலேயே தெளிவாகப் பேசவும் கை அசைக்கவும் தொடங்குகின்றனர். ஆயினும், முற்றிலும் அழிந்துபோன மூளைத் திசு இதனால் மீளாது. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிட்டும் என்றும் எண்ணிவிடலாகாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

வீக்கம் வடிந்து, நோய்த்தொற்று இல்லாதபோதே எலும்பைப் பொருத்துவர். பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களுக்குள் இது நடைபெறும். அதற்கு முன்பே செய்வதும் உண்டு. காரணமின்றி நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை அந்தப் பக்கம் அழுந்தும்படி படுக்கவைக்காதீர்கள். நடக்கும்போது காப்புத் தொப்பி அணியச் செய்யுங்கள். தொழுகையில் குனிவது, ஸஜ்தாச் செய்வது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். இயலாதவர் அமர்ந்தோ, சைகையாலோ தொழலாம் என்ற சலுகை இருக்கவே இருக்கிறது.

இதுவும் ஆபத்தே இல்லாத சிகிச்சையன்று. நோய்த்தொற்று, இரத்தக் கசிவு, வலிப்பு ஆகியன நேரலாம். பொருத்திய எலும்பு நாளடைவில் கரைவதும் உண்டு. காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, அளவுமீறிய தூக்கம், வலிப்பு இவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வலிப்பு மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

எலும்பைப் பொருத்தியதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. சீரான இரத்த ஓட்டம் மூளைக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடர வேண்டும். அந்தப் பயிற்சியை நாள்தோறும் பொறுமையுடன் செய்விப்பது குடும்பத்தினராகிய உங்கள் கைகளில்தான் இருக்கிறது.