டீச்சர் டிரெய்னிங் முடித்தால் வேலை கிடைக்குமா? ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகத் தாண்ட வேண்டிய 3 படிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். பாபநாசத்தில் பல வீடுகளில் இதே பேச்சுதான். (அருவி இருக்கும் நெல்லை மாவட்டப் பாபநாசம் இல்லை, தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் நம்ம டெல்டா பாபநாசம்.) "பாப்பாவ டீச்சர் டிரெய்னிங் சேத்துடுங்க. ரெண்டே வருஷம், அப்புறம் கவர்ன்மென்ட் வேலை" என்பார் சித்தப்பா. "அதெல்லாம் அந்தக் காலம். டிகிரி முடிச்சு பி.எட். படிச்சா ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து எந்தக் கிளாசுக்கும் போகலாம்" என்பார் மாமா.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. சித்தப்பா சொல்லும் படிப்பு சரி, வேலை உறுதி இல்லை. மாமா சொல்லும் பி.எட். நல்ல படிப்புதான். ஆனால், ஒன்றாம் வகுப்புக்கு அது செல்லாது. இது தெரியாமல் சேர்ந்தால் போவது ஒரு பிள்ளையின் சில வருடங்கள். அதனால் முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

படி 1: டி.எல்.எட்.

முன்பு 'ஆசிரியர் பயிற்சி' என்றும் டி.டி.எட். என்றும் சொன்ன படிப்புதான் இப்போது டி.எல்.எட். தமிழில் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு. 2 ஆண்டுகள். பிளஸ் டூவில் குறைந்தது 50% மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. அரசு நடத்தும் 'டயட்' நிறுவனங்கள், அரசு உதவி பெறும் நிறுவனங்கள், தனியார் நிறுவனங்கள் என மூன்று வகை இருக்கின்றன. எல்லா டயட்டிலும் சேர்க்கை நடப்பதில்லை என்பதால், விண்ணப்பிக்கும் முன் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

என்ன படிப்பார்கள்?

முதல் வருடத்திலேயே 'கற்கும் குழந்தை' என்று ஒரு பாடம் வரும். 6 வயதுக் குழந்தை எப்படி யோசிக்கும், ஏன் பயப்படும், ஏன் எழுத்தைத் திருப்பிப் போடும் என்பது போன்ற கேள்விகளுக்கான இடம் அது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு. இரண்டாம் ஆண்டில் இந்தியக் கல்வி முறையும் வரும்.

இந்தப் படிப்பின் உயிர் பள்ளிப் பயிற்சியில் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிப்படி மொத்தம் 20 வாரங்கள் பள்ளியில் இருக்க வேண்டும். முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். பாடக் குறிப்பு எழுதி, துணைக்கருவி செய்து, நிஜமான பிள்ளைகள் முன் நிற்க வேண்டும்.

உதாரணத்துக்கு 'பத்து, ஒன்று' இடமதிப்பு. புத்தகத்தில் குச்சிக் கட்டு இருக்கும். டெல்டா பிள்ளைக்கு நாற்றுக்கட்டு நன்றாகத் தெரியும். பத்துப் பத்தாகக் கட்டினால் எத்தனை கட்டு, மீதி எத்தனை என்று கேட்டால் கணக்கு சட்டென்று பிடிபடும். அளவைகள் பாடத்துக்கு, பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறை கோயிலின் பழைய நெற்களஞ்சியத்தைக் காட்டி, 'கலம்' என்றால் என்ன என்று தொடங்கலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குக் கூட்டிப்போகும் இந்த வித்தையைத்தான் 2 வருடமும் பழகுகிறார்கள்.

பி.எட். ஏன் செல்லாது?

2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். முடித்தவர்களும் 1 முதல் 5-ம் வகுப்பு வரை கற்பிக்கலாம், பணியில் சேர்ந்த பிறகு 6 மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பி.எட். பயிற்சி பெரிய வகுப்புகளுக்கானது. சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கென்றே பயிற்சி பெற்றவர் வேண்டும். தரமான தொடக்கக் கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை என்பதுதான் அதன் சாரம்.

படி 2: டெட் தாள் 1

பட்டயம் கைக்கு வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து சீனியாரிட்டிக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்த பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், கட்டாயமானது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ் போன்ற முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என 5 பகுதிகள். தலா 30 என மொத்தம் 150 மதிப்பெண். பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

லேசான தேர்வு இல்லை. தமிழ்நாட்டில் 2012-ல் முதல் முறை நடந்தபோது இரண்டு தாள்களையும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். ஒரு ஆறுதல், ஒருமுறை பாஸ் செய்தால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

படி 3: போட்டித் தேர்வு

டெட் பாஸ் என்றாலும் வேலை வந்துவிடாது. நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று தமிழக அரசு 2018-ல் ஆணையிட்டது. ஆனால், இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலை 21-ல்தான். அதாவது 2019-ல் டெட் தேறியவர் 5 வருடம் காத்திருந்துதான் அதை எழுதினார். 150 மதிப்பெண் பொதுப் பாடத்தோடு தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

டெட்டும் வருடா வருடம் நடப்பதில்லை. தாள் 1 கடைசியாக 2019, 2022, 2025-ல் நடந்தது. சேரும் முன் குடும்பம் கணக்குப் போட வேண்டிய இடைவெளி இதுதான்.

வேலை கிடைத்தால்?

இடைநிலை ஆசிரியரின் சம்பள விகிதம் 20,600 – 75,900 ரூபாய்; படிகள் தனி. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள், அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவர்களைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கியது இன்றும் தீராத குறை. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் போராடுவது இதற்காகத்தான்.

வகுப்பறையிலும் ஒன்று தயாராக இருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்தான். சின்ன கிராமப் பள்ளியில் அந்த இருவர் 5 வகுப்பையும் பார்க்க வேண்டும். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதால், ஒரே அறையில் பல பாடம் ஓடும்.

அப்போ சேரலாமா?

சின்னப் பிள்ளைகளோடு இருப்பது பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேரலாம். ஆனால், 'ரெண்டே வருஷம்' என்று நம்பிச் சேராதீர்கள். பட்டயம் முடித்த கையோடு டெட்டுக்குத் தயாராகுங்கள். கூடவே தொலைதூரக் கல்வியிலாவது ஒரு டிகிரியைத் தொடங்கிவிடுங்கள். பின்னால் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் டிகிரி, பி.எட்., டெட் தாள் 2 மூன்றும் தேவைப்படும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத்தான் ஆசை என்றால், மாமா சொன்ன டிகிரி, பி.எட். வழி. முதலில் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உனக்கு எந்த வயசுப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும்?" சித்தப்பாவும் மாமாவும் அதற்கப்புறம் பேசட்டும்.