சூதக வலியும் சுக்கும்

மாதவிடாயின் முதல் ஓரிரு நாட்களில் அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலியைச் சித்த மருத்துவம் சூதக வலி என்கிறது. பூப்பெய்திய உடனே இது வருவதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்து, சினைமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் தலைகாட்டும். சில மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும். இடுப்புக்கும் தொடைக்கும் பரவும். கருப்பையில் நோய் எதுவும் இல்லாமலே இந்த வலி வருகிறது.

இதற்குக் காரணம் புராஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள். மாத இறுதியில் புரோஜெஸ்டிரான் குறைந்து கருப்பையின் உட்சவ்வு உதிரும்போது, சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியின் உதவியால் இது மிகுதியாக உருவாகிறது. கருப்பைத் தசை இறுகிச் சுருங்குகிறது. இரத்தக் குழாய்களும் நெரிபடுவதால் தசைக்குப் பிராணவாயு போதாமல் வலி எழுகிறது. அதே பொருள் குடலையும் சீண்டுவதால்தான் சிலருக்கு அந்நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருகின்றன. மெஃபனமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்த நொதியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன.

இஞ்சியின் காரப் பொருளான ஜிஞ்சராலும் இதே நொதியின் வேலையைக் குறைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இஞ்சி காயும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி நீரிழந்து ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் காரம் தனியாகத் தெரிவது இதனால்தான். பெண்களிடம் நடந்த சோதனைகளில் பல ஈரான் நாட்டு மாணவியர் விடுதிகளில் நடந்தவை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 150 மாணவியர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 250 மில்லிகிராம் சுக்குத்தூள் காப்ஸ்யூலை நாளைக்கு நான்கு வேளை, மூன்று நாள் எடுத்தவர்களுக்கும், மெஃபனமிக் அமிலமோ இபுபுரூஃபனோ எடுத்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, எப்போது தொடங்க வேண்டும் என்பதைக் காட்டியது. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே தொடங்கியவர்களுக்கு வலியின் கடுமையோடு நேரமும் குறைந்தது. முதல் நாளில் தொடங்கியவர்களுக்குக் கடுமை மட்டுமே குறைந்தது. புராஸ்டகிளாண்டின் பெருகிய பின் அதன் உற்பத்தியைத் தடுப்பதால் பயன் குறைவு என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

நாளைக்கு ஒரு கிராம் சுக்கு என்பது சுமார் ஐந்து கிராம் பச்சை இஞ்சிக்குச் சமம். தோல் சீவிய சுக்கை இடித்து, அரைத் தேக்கரண்டி அளவு தூளை வெந்நீரில் கொதிக்கவிட்டு, கருப்பட்டி சேர்த்து இரண்டு வேளையாகக் குடித்தால் அந்த அளவு வந்துவிடும். தேநீரில் தட்டிப்போடும் சிறு துண்டு ருசிக்குத்தான் ஆகும்.

வெந்தயத்துக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. 101 மாணவியரிடம் நடந்த ஆய்வில், வேளைக்கு 900 மில்லிகிராம் வெந்தயத்தூள் மூன்று வேளை கொடுக்கப்பட்டது; ஒரு நாள் கணக்கு ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சோம்பு, இலவங்கப்பட்டை பற்றியும் சிறு ஆய்வுகள் உள்ளன. உளுந்தங்களி நல்ல சத்துணவு. அதை வலி மருந்தாக எண்ண வேண்டியதில்லை.

இந்த ஆய்வுகள் அனைத்துமே சிறியவை. இஞ்சியைச் சோதிப்பதில் வேறொரு தொல்லையும் உண்டு: காப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தாலும், விழுங்கியது இஞ்சிதான் என்பதை ஏப்பம் காட்டிக்கொடுத்துவிடும். காக்ரேன் அமைப்பு 2016இல் 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, இஞ்சி, வெந்தயம் போன்றவற்றுக்குப் பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்று முடிவு சொன்னது.

அசோகப்பட்டையின் நிலை வேறு. ஆயுர்வேதத்தில் பெண்களுக்கான மருந்தாகப் புகழ்பெற்ற அசோகம், ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும் மரம். பள்ளி வளாகங்களில் ஊசிபோல் உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கம் வேறு இனம். அதன் பட்டையே அசோகப்பட்டை என்ற பெயரில் கடைச்சரக்கில் கலப்பதுண்டு. பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது.

மூலிகை என்பதாலேயே எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சுக்கு சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதிக அளவில் சாப்பிடக் கூடாது. வெந்தயம் சர்க்கரை அளவைக் குறைக்கும். இவை எதையும் விழுங்க விரும்பாதவர்களுக்கு வெந்நீர்ப் பை இருக்கிறது. அடிவயிற்றில் தொடர்ந்து மிதமான சூடு கொடுப்பது இபுபுரூஃபனுக்கு இணையாக வலியைக் குறைத்ததை ஆய்வு காட்டியுள்ளது.

மாதத்துக்கு மாதம் வலி கூடினாலும், மாதவிடாய் இல்லாத நாட்களில் வலித்தாலும், முதல் மாதவிடாயிலிருந்தே தாங்க முடியாத வலி இருந்தாலும், மாத்திரைக்கும் அடங்காவிட்டாலும் அது சாதாரணச் சூதக வலியாக இல்லாமல் போகலாம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப்பட்ட வலிக்குக் கஷாயம் போட்டு நாள் கடத்தாமல், பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.