மயிலிட்டியில் இதை யார் பேசுவது?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே தெரியும். மண்டபம், வீடியோ, சந்தியில் பதாகை என்று சாமத்தியச் சடங்கு நடக்கும். தன் உடம்பில் என்ன நடக்கிறது, ஏன் மாதாமாதம் நடக்கும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று அந்தப் பிள்ளையிடம் ஆறுதலாக இருந்து சொல்பவர்தான் பல வீடுகளில் இல்லை. அவளுடைய தமையனிடமோ யாரும் எதுவுமே சொல்வதில்லை. பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரக் கல்வி நிரப்ப வேண்டிய இடைவெளி இதுதான்.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மீனவ ஊரான மயிலிட்டியில் இந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 யூனில் போரால் ஊர் மொத்தமாக இடம்பெயர்ந்தது. துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது 2017 யூலை 3ஆம் திகதி. அந்த 27 ஆண்டுகளில் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கலியாணமும் செய்துவிட்டது. அம்மம்மா, மாமி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு பிள்ளை கூச்சமின்றிக் கேட்கக்கூடியவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். காணி திரும்பியது. அந்த அயல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

சேவைகள் இல்லை என்று சொல்ல முடியாது. தெல்லிப்பழை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது. ஊர் மருத்துவமாது என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக வருகிறார். சுகவனிதையர் கிளினிக்குகள் நாட்டில் 1996இல் தொடங்கின. 35, 45 வயதுப் பெண்களுக்கு அங்கே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு எதிராக, 2017 முதல் ஆறாந்தர மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இரண்டு தடவை ஊசி போடுகிறார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2011இல் நாட்டின் தென்முனையையும் வடமுனையையும் இணைத்து நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் எழுந்தது அது.

ஆனால் எந்த நோயறிகுறியும் இல்லாத 35 வயதுப் பெண் ஏன் கிளினிக்குக்குப் போவாள்? மகளுக்கு என்ன ஊசி என்று விளங்காத தாய் எப்படி மனமொப்பிக் கையெழுத்து வைப்பாள்? சேவையையும் வீட்டையும் இணைக்க, அந்த வீடு நம்பும் ஒரு மனிதர் வேண்டும்.

இந்த வழியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர் டொக்டர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, 1896இல் மிஷன் மருத்துவராக இலங்கை வந்தார். தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் அவரை ஏற்கவில்லை. அவர் திரும்பிப் போகவில்லை. பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கி, கிராமம் கிராமமாகப் பெண்களைச் சங்கமாக்கி, அந்தச் சங்கங்கள் வழியே உடல்நலம் பேசினார். 1937இல் கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் திறந்தார்; கடும் எதிர்ப்பு வந்தது. 1953இல் குடும்பத்திட்டமிடல் சங்கம் உருவானதற்கு அந்த உழைப்பே அடித்தளம். மருத்துவரும் ஊர்ப் பெண்களும் ஒரே பாயில் இருந்து பேசியதுதான் அவருடைய முறை. இன்று ‘சமூகப் பங்காளித்துவம்’ என்று அறிக்கைகள் சொல்வதும் அதைத்தான்.

இது எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பவர்கள் மானிப்பாயை நினைத்துப் பார்க்க வேண்டும். மிஷன் மருத்துவரான சாமுவேல் கிறீன் அங்கே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்தது 1857இல். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அன்று அதைப் படித்தார்கள். இன்றைக்கோ, ஏழாந்தரத்துக்கென 2019 அளவில் ஆயத்தமான பாலியல் கல்வித் துணைநூல்கூட எதிர்ப்புக் கிளம்பியதால் பாடசாலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடிக் கற்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயம் ஆதாரமற்றது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, இக்கல்வியால் இளையோர் முந்திப் பாலுறவில் இறங்குவதில்லை என்றே கூறுகிறது.

சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை 2019இல் அறிவித்தது. கர்ப்பவதிகளை வீட்டிலேயே பதிந்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்த மருத்துவமாதர் இல்லாமல் அது நடந்திராது.

மயிலிட்டியில் மருத்துவமாது சந்திப்பது பெரும்பாலும் பெண்களைத்தான். கிளினிக் நடக்கும் காலைவேளையில் ஆண்கள் துறைமுகத்தில் மீனோடும் வலையோடும் நிற்பார்கள். வெளிமாவட்டப் பலநாள் படகுகளும் அங்கே வந்து தங்குகின்றன. பால்வினை நோய், ஆணுறை, மனைவியின் விருப்பம் என்று எதைப் பற்றியும் ஆண்களிடம் பேச ஆளில்லாவிட்டால், பெண்களுக்குச் சொல்வது பாதிக் கல்விதான். அதனால் இந்த ஊரில் முதற் பங்காளி கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாதர் சங்கம், பாடசாலை, கோயில், தேவாலயம் எல்லாம் அதனோடு சேரலாம்.

பேசும்போது சட்டமும் பேசப்பட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த சிறுமியுடன் பாலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், சட்டத்தின் முன் வன்புணர்வு. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இடந்தரவில்லை. ஆகவே கள்ளமாகச் செய்யும் இடங்களுக்குப் போய் உயிரைப் பணயம் வைக்கும் நிலை வராமலிருக்க, கருத்தடை முறைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களுக்கு வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ உண்டு. சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன.

கடற்றொழிலாளர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தெல்லிப்பழைப் பணிமனையிலிருந்து ஒருவரை அழையுங்கள். டீசல் விலையும் இந்திய இழுவைப்படகுகளும் பேசி முடிந்த பிறகு, இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.